மர ஹெட்போன் வாங்கப் போகிறீர்களா?

 

"மௌலவி, மகள் ஓதிப் பழகுவதற்கு மரத்தில் செய்த ஹெட்போன்தான் வேண்டுமென்று நிற்கிறாள். கடைக்காரரும் மரமென்றால் சத்தம் இயற்கையாக இருக்கும் என்கிறார். விலையோ பிளாஸ்டிக்கைப் போல் இரு மடங்கு. வாங்கிக் கொடுக்கலாமா?"

இந்தக் கேள்வியை இவ்வாண்டில் மூன்று நான்கு உம்மாமார் என்னிடம் கேட்டுவிட்டார்கள். மார்க்கச் சட்டம் கேட்க வருகிறவர்களுக்கு நடுவே இது சிறிய கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2020ஆம் ஆண்டு பாடசாலைகள் மூடப்பட்டபோது கைபேசியே நம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையானது. அன்று தலையில் ஏறிய ஹெட்போன் இன்றுவரை இறங்கவில்லை. பிறகு 2022இல் வந்த பொருளாதார நெருக்கடியில், மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாவைச் சுற்றி நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாவைத் தாண்டியது. இறக்குமதிப் பொருள் எதை வாங்கினாலும் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டோம். ஆகவே பணமும் வீணாகக் கூடாது, பிள்ளையின் காதும் கெடக் கூடாது. இவ்விரண்டையும் மனதில் வைத்து இம்மாதம் இதைப் பற்றியே பேசுவோம்.

வாவியும் துடுப்பும்

மரத்துக்கும் காதுக்கும் உள்ள தொடர்பை அறிய நாம் தூர தேசம் போக வேண்டியதில்லை. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும், கடலோரப் பக்கத்தை எழுவான்கரை என்றும் சொல்வது நம் வழக்கம். நகரத்திலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் படுவான்கரையில் நம்மை வரவேற்பது வவுணதீவு. மீன்பாடும் தேன்நாடு என்ற பெயர் நம் மாவட்டத்துக்கு எதனால் வந்தது என்று இந்தப் பகுதி மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிலவு காலத்தில், காற்று அடங்கிய இரவில் தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையைக் காதோடு ஒட்டிப் பிடித்தால், தண்ணீருக்குள்ளிருந்து மெல்லிய இன்னோசை கேட்கும் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த அனுபவம்.

அந்நாளில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் என்ற ஆங்கிலேய ஆட்சி அதிகாரி, 1848இல் மட்டக்களப்புக்கு வந்து, இரவில் தோணியில் சென்று இந்த ஓசையைக் கேட்டார். 1859இல் வெளியான தமது இலங்கை பற்றிய நூலில் அதை விவரித்தும் இருக்கிறார். தோணியின் மரப்பலகையில் காதை வைத்தபோது அந்த ஓசை பெரிதாகக் கேட்டது என்று அவர் குறித்திருப்பதுதான் நமக்கு இங்கே முக்கியம்.

ஏன் அப்படி? தண்ணீரில் ஓடும் ஒலி, மேலே உள்ள காற்றுக்குள் ஏறுவது மிகக் கடினம். நீரின் மேற்பரப்பில் பட்டு ஏறக்குறைய முழுவதுமே திரும்பிப் போய்விடும். ஆயிரத்தில் ஒரு பங்கு சக்திதான் காற்றுக்குள் வரும். மரமோ தண்ணீருக்கும் எலும்புக்கும் நடுவே பாலம் போல நிற்கிறது. காற்றில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 350 மீற்றர் தூரம் போகும். மரத்தில் நார் ஓடும் திசையில் அதைப்போல் பத்து மடங்கு வேகத்தில் போகும். துடுப்பு காதெலும்பைத் தொட்டிருக்கும் வரை ஓசை வரும். ஒரு விரல்கடை தூரம் விலக்கிப் பாருங்கள், ஓசை போய்விடும்.

இங்கேதான் கடைக்காரரின் பேச்சில் நாம் மயங்கிவிடக் கூடாது. துடுப்பில் மரம் ஒலி வரும் பாதை. ஹெட்போனில் மரம் ஒலி குடியிருக்கும் வீடு. பாதை நல்ல மரமாக இருந்தால் ஓசை நன்றாக வரும் என்பது சரி. வீடு நல்ல மரத்தால் கட்டப்பட்டது என்பதற்காக உள்ளே பேசுகிறவரின் குரல் இனிமையாகிவிடுமா?

வவுணதீவுப் பக்கம் எனக்குப் பழக்கமான தச்சுத் தொழிலாளர் ஒருவர் இருக்கிறார். முதிரையும் தேக்கும் கடைந்து கட்டில் கால் செய்கிறவர். இந்த விஷயத்தை அவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னது: "மரம் நல்லா இருந்தா கதவு நல்லா இருக்கும் மௌலவி. வீட்டுக்குள்ள இருக்கிறவன் நல்லவனா எண்டு கதவைப் பார்த்துச் சொல்லேலாது."

உள்ளே என்ன இருக்கிறது?

ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தால் மூன்று முக்கியமான பாகங்கள் இருக்கும். முதலாவது, சத்தத்தை உண்டாக்கும் சிறிய ஒலிபெருக்கி. பெரும்பாலும் 40 அல்லது 50 மில்லிமீற்றர் அகலம். நமது ரபானின் தோல் போல, மிக மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று அதில் இருக்கும். அதன் பின்னே கம்பிச்சுருளும் காந்தமும் இருக்கும். மின்சாரம் வந்து போகும்போது படலம் முன்னும் பின்னுமாக அசைந்து ஒலி பிறக்கிறது. இரண்டாவது, அதன் பின்னால் மூடியிருக்கும் கிண்ணம். மரம் என்று சொல்லி விற்பது இந்தக் கிண்ணத்தைத்தான். மூன்றாவது, காதைச் சுற்றி அமரும் மெத்தை.

படலம் முன்னே தள்ளும் ஒலி காதுக்குப் போகிறது. அதே அளவு ஒலி பின்னேயும் போகிறதல்லவா? அது கிண்ணத்தின் சுவரில் மோதித் திரும்பி வந்து முன்னே போகும் ஒலியோடு கலக்கிறது. படலத்துக்கும் பின்சுவருக்கும் இடையே 4 சென்றிமீற்றர் இடைவெளி இருந்தால், 4000 ஹேர்ட்ஸைச் சற்றுத் தாண்டிய ஒலிகள் அதற்குள் மாறிமாறி எதிரொலித்துக் கூர்மையாகிவிடும். வெற்றுக் குடத்துக்குள் பேசினால் குரல் ஒரு மாதிரி ஒலிக்கிறதே, அதே கதைதான். குடம் மண்ணாயினும் செம்பாயினும் இந்த எதிரொலி உண்டு. மரமும் விலக்கல்ல.

அப்படியானால் மரத்தால் பயனே இல்லையா? உண்டு. மலிவான பிளாஸ்டிக் கிண்ணத்தின் சுவர் இரண்டு மில்லிமீற்றர் அளவில்தான் இருக்கும். மரத்தை அவ்வளவு மெல்லியதாகக் கடைந்தால் வெடித்துவிடும் என்பதால் ஆறு, ஏழு மில்லிமீற்றர் தடிப்பில் கடைவார்கள். ஒரே பொருளில் தடிப்பு மூன்று மடங்கானால் அது வளையாமல் நிற்கும் வலிமை 27 மடங்காகும். ஆகவே தடித்த மரக் கிண்ணம் தானும் சேர்ந்து அதிராது. அது பாராட்ட வேண்டிய குணம். அமெரிக்காவின் புரூக்ளினில் 1953இல் தொடங்கப்பட்ட கிராடோ நிறுவனம் மகோகனி மரத்தில் ஹெட்போன் செய்கிறது. ஜப்பானின் ஓடியோ டெக்னிக்காவும் மரக் கிண்ணத்தில் செய்து புகழ்பெற்றது. இவர்களின் பொருள் நன்றாக ஒலிப்பது, உள்ளே வைத்த ஒலிபெருக்கியையும் காற்றுத் துளைகளையும் மெத்தையையும் அளந்து பார்த்துப் பொருத்தியதால். மரம் அந்த வேலைக்குத் துணை நின்றது. விலை குறைந்த பொருளில் மரத்துக்கே காசு முழுவதும் போய், உள்ளே இருக்கும் ஒலிபெருக்கிக்கு மிஞ்சுவது சொற்பமாக இருந்துவிடலாம். நாம் பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

பிள்ளையின் நாக்கில் குற்றமில்லை

இதில் என்ன நட்டம் என்று கேட்பீர்கள். என்னிடம் ஓதும் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி, நாக்கு நுனியைப் பல்லிடையில் வைத்துச் சொல்ல வேண்டிய 'ஸே' என்ற எழுத்தை எப்போதும் 'ஸீன்' என்றே சொல்லி வந்தாள். நேரில் சொல்லிக் கொடுத்தால் சரியாகச் சொல்வாள். வீட்டில் கைபேசியில் கேட்டு ஓதிவிட்டு வந்தால் மறுபடியும் பழைய கதை. "இவளுக்கு நாக்கு திரும்புதில்லை" என்று அவளது உம்மா கவலைப்பட்டார். அவள் பாவித்த ஹெட்போனைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்டேன். அடித்தொனி 'கும் கும்' என்று நிறைந்து, அதற்கு மேலே எல்லா எழுத்தும் ஒரே சீறலாகக் கேட்டது. அவளுக்குப் போய்ச்சேர்ந்த ஒலியில் அந்த வேறுபாடே தெளிவாக இல்லை. கேட்காததை நாக்கு எப்படிச் சொல்லும்?

ஸீனின் சீறல் 4000 முதல் 8000 ஹேர்ட்ஸ் வரையுள்ள மேல்தொனியில் பலமாக இருக்கும். ஸே அதே பகுதியில் மிக மெல்லியதாகப் பரந்து நிற்கும். கிண்ணத்தின் எதிரொலி அந்த இடத்தில் ஏறி நின்றால் இரண்டும் ஒன்றாகிவிடும். மறுபக்கம், கீழே உள்ள ஒலி மிகுந்தால் அது மேலே உள்ள மெல்லிய ஒலிகளை மூடிவிடும். மனிதக் காதின் இயல்பு அது. நடுத்தொண்டை 'ஹா'வும் அடித்தொண்டை 'ஹா'வும் பிரிந்து கேளாமல் போவதும் இதனால் நேரலாம். கல்பு என்றால் உள்ளம். அதன் முதல் எழுத்தை மாற்றிச் சொன்னால் நாய் என்று பொருள் மாறிவிடுவதை நீங்கள் மதரசாவில் படித்திருப்பீர்கள். நமக்கு ஒலி இனிமைக்காக மட்டும் வேண்டியதல்ல, பொருளைக் காப்பதற்கும் வேண்டும்.

கடையில் பார்க்க வேண்டியவை

ஆகவே கடைக்குப் போகும்போது பிள்ளையையும், அவள் பாவிக்கும் கைபேசியையும் கூட்டிக்கொண்டு போங்கள். கைபேசியில் ஷெய்க் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி அவர்களின் ஓதல் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 1961இல் எகிப்தில் முழுக் குர்ஆனும் முதன்முதலாக ஒலிப்பதிவாகி வெளிவந்தது அவர்கள் குரலில்தான். எழுத்து எழுத்தாக, நிறுத்தி நிதானமாக ஓதியிருப்பதால் சோதனைக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. கடைக்காரர் போட்டுக்காட்டும் 'டும் டும்' ஓசையில் எந்த ஹெட்போனும் நன்றாகத்தான் இருக்கும்.

முதலாவது, சத்தம் எதுவும் போடாமல் தலையில் மாட்டி, கிண்ணத்தை விரல் மடக்கால் மெதுவாகத் தட்டுங்கள். 'டொக்' என்று சட்டென அடங்கினால் நல்லது. 'டிங்' என்று இழுத்துக்கொண்டு நின்றால் கிண்ணம் அதிர்கிறது, அல்லது உள்ளே வெறுமையாக இருக்கிறது.

இரண்டாவது, ஓதலைப் போட்டுவிட்டு இரு கைகளாலும் கிண்ணங்களைக் காதோடு மெதுவாக அழுத்துங்கள். அழுத்தியவுடன் குரல் கனத்து நிறைந்தால், அழுத்தாதபோது மெத்தைக்கும் தலைக்கும் இடையே காற்று கசிகிறது என்று பொருள். துடுப்பை விலக்கினால் ஓசை போவது போல, மெத்தை ஒட்டாவிட்டால் அடித்தொனி ஓடிவிடும். மரக் கிண்ணம் கனமானது என்பதால் தலையை ஆட்டும்போது வழுக்கி விலகவும் கூடும். அதையும் பாருங்கள்.

மூன்றாவது, அல்ஹுஸரி அவர்களின் அக்காலத்துப் பதிவுகள் இரு காதுக்கும் ஒரே ஒலியைத் தருபவை. ஆகவே குரல் தலையின் நடுவில் நிற்பது போல் கேட்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டிப் பாருங்கள். சாய்வும் சேர்ந்து பக்கம் மாறினால் இரண்டு ஒலிபெருக்கிகளும் சமமில்லாமலோ, கைபேசியின் இரு பக்க ஒலி சமமில்லாமலோ இருக்கலாம். கைபேசியில் குற்றமில்லையென்றால் அந்த ஹெட்போனை வாங்காதீர்கள். மாறாமல் அதே பக்கம் நின்றால் உங்கள் காதைக் கவனிக்க வேண்டும்.

நான்காவது, சத்தத்தை நன்றாகக் குறைத்துக் கேளுங்கள். குறைந்த சத்தத்திலும் ஸே, ஸீன், ஸாத் மூன்றும் பிரிந்து கேட்கிறதா? குன்னாவின் மூக்கொலி நிறைவாக இருக்கிறதா? அது கீழ்ப்பகுதியில், 300 ஹேர்ட்ஸை ஒட்டி வருவது. எழுத்தின் கூர்மையும் குன்னாவின் நிறைவும் ஒன்றாகக் கிடைத்தால் அந்த ஹெட்போன் பிளாஸ்டிக்கானாலும் தயங்காமல் வாங்குங்கள்.

மரம் உண்மையில் மரமா என்பதைக் கடைசியாகப் பார்த்தால் போதும். முகப்பில் ஓடும் வரிகள் விளிம்பில் மடிந்து பக்கவாட்டிலும் அதே மரத்தின் வரியாகத் தொடர வேண்டும். விளிம்போடு வரி அறுந்து நின்றால் அது பிளாஸ்டிக்கின் மேல் ஒட்டிய மெல்லிய தோலாகவோ படமாகவோ இருக்கலாம்.

"நூறு மணித்தியாலம் ஓடவிட்டால் சத்தம் திருந்திவிடும்" என்று சிலர் சொல்வார்கள். மெத்தை சற்று மிருதுவாகித் தலையோடு ஒட்டிக்கொள்வது உண்மை. மற்றபடி பெரும்பாலும் நம் காதுதான் பழகிப்போகிறது. திருப்பிக் கொடுக்கும் தவணை முடியும்வரை அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

முக்காடு போடுகிறவர்களுக்கு

ஹெட்போன் பற்றி எழுதுகிறவர்கள் அதிகம் சொல்லாத ஒன்றை நம் பெண்களுக்குச் சொல்ல வேண்டும். முக்காட்டின் மேலே ஹெட்போனை மாட்டும்போது துணியின் மடிப்புகள் வழியே காற்று கசிகிறது. அடித்தொனி போய்விடுகிறது. துணி இரண்டு மூன்று மடிப்பாகக் காதின் மேல் கிடந்தால் மேல்தொனியும் மங்கும். குரல் மெலிந்து போனதால் சத்தத்தைக் கூட்டுகிறோம். வீட்டுக்குள் இருக்கும்போது முதலில் ஹெட்போனை மாட்டி அதன் மேலே முக்காட்டை இடுங்கள். வெளியில் அப்படி முடியாவிட்டால் காதின் மேல் மெல்லிய துணி ஒரு மடிப்பு மட்டும் வரும்படி சரிசெய்யுங்கள். கண்ணாடி அணிகிறவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. மெல்லிய தண்டுள்ள கண்ணாடியும், மிருதுவான தடித்த மெத்தையும் உதவும்.

வீட்டிலேயே திருத்துவது

ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். வெளிநாடுகளில் இது ஒரு பொழுதுபோக்காகவே வளர்ந்திருக்கிறது. ஜப்பானிய போஸ்டெக்ஸ் நிறுவனத்தின் டி50ஆர்பி என்ற விலை குறைந்த ஹெட்போனுக்குள் பஞ்சும் களிமண் போன்ற பசையும் வைத்துத் திருத்தியவர்கள் ஏராளம். அமெரிக்காவில் டான் கிளார்க் என்பவர் அப்படித் திருத்தி விற்கத் தொடங்கி, பின்னர் சொந்தமாக ஹெட்போன் தயாரிக்கும் நிறுவனமே நடத்துகிறார். நமக்கு அவ்வளவு வேண்டாம். செலவில்லாததிலிருந்து தொடங்குவோம்.

முதலில் கைபேசியில் ஒலியைச் சரிசெய்யும் இக்குவலைசரைத் திறந்து, அடித்தொனியை மூன்று நான்கு புள்ளி குறைத்துப் பாருங்கள். எழுத்து தெளிந்தால் அதோடு விட்டுவிடலாம். எதையும் கூட்டுவதைவிட மிகுந்ததைக் குறைப்பதே நல்லது.

இரண்டாவது மெத்தை. நம் ஊர் வியர்வைக்கும் உப்புக்காற்றுக்கும் செயற்கைத் தோல் ஈரத்தால் சிதைந்து கறுப்புச் செதிலாக உரிந்துவிடும். உரிந்த மெத்தை காற்றை விடும். அமுங்கிப்போன மெத்தை காதை ஒலிபெருக்கியின் மேலேயே தள்ளும். கிண்ணத்தின் அகலத்தை மில்லிமீற்றரில் அளந்துகொண்டு போய்ப் புதியது வாங்குங்கள். காதுமடல் முழுவதும் உள்ளே அடங்கும் துளை இருக்கட்டும். தையல் தெரிந்த சகோதரிகள் தாமே உறை தைக்கலாம். செயற்கைத் தோலில் தைத்தால் காற்று கசியாது, அடித்தொனி நிற்கும். வெல்வெட் துணியில் தைத்தால் குளிர்ச்சியாக இருக்கும், அடித்தொனி சற்றுக் குறையும். 'கும்' என்று இரைகிற ஹெட்போனுக்கு வெல்வெட்டே மருந்தாகலாம்.

மூன்றாவது பஞ்சு. மெத்தையை எடுத்து, உள்ளே தெரியும் திருகாணிகளைக் கழற்றினால் பல ஹெட்போன்களில் கிண்ணம் பிரிந்து வரும். பசை போட்டு ஒட்டியிருந்தால் நெம்ப வேண்டாம், விட்டுவிடுங்கள். மருந்துக்கடையில் உருண்டையாக விற்கும் பஞ்சில் ஒன்றை எடுத்து நன்றாகப் பிரித்து, கிண்ணத்தின் பின்சுவரை ஒட்டிப் பரப்புங்கள். அழுத்தித் திணிக்காதீர்கள். ஒலிபெருக்கியின் பின்துளையில் பஞ்சு படக் கூடாது. பழைய கம்பளித் துணியில் வட்டமாக ஒரு துண்டு வெட்டிச் சுவரில் ஒட்டினாலும் சரி. வெற்று வீட்டில் பாயும் திரைச்சீலையும் போட்டால் எதிரொலி அடங்குவது போல, அந்த 4000 ஹேர்ட்ஸ் இரைச்சல் இதில் அடங்கும். மேலே சொன்ன சிறுமியின் ஹெட்போனுக்கு நாங்கள் செய்தது இதையும், ஒரு சோடி மெத்தை மாற்றியதையும்தான். எழுத்துகள் பிரிந்து கேட்கத் தொடங்கின. நாக்கு திருந்த அதன் பிறகும் சில வாரப் பயிற்சி வேண்டியிருந்தது.

நான்காவது துளைகள். கிண்ணத்திலோ ஒலிபெருக்கியைச் சுற்றியோ ஊசிமுனை அளவு காற்றுத் துளைகள் இருக்கும். காயத்துக்குப் போடும் காகிதப் பிளாஸ்டரில் சிறு துண்டால் ஒரு துளையை மூடிக் கேளுங்கள். அடித்தொனி மாறும். கூடுமா குறையுமா என்பது ஹெட்போனுக்கு ஹெட்போன் வேறுபடும். பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம். மரத்தில் புதிதாகத் துளை மட்டும் போடாதீர்கள். போட்ட துளையை மூட முடியாது.

எதைச் செய்தாலும் சில ஒழுங்குகள் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். முதலில் ஒரு பக்கம் செய்து மற்றப் பக்கத்தோடு ஒப்பிட்டுக் கேட்டபின், இரு பக்கமும் சமமாகச் செய்யுங்கள். உள்ளே ஓடும் கம்பி தலைமயிர் அளவுதான் இருக்கும், இழுத்துவிடாதீர்கள். ஒலிபெருக்கியின் காந்தம் திருப்புளியைச் சட்டென இழுத்து, படலத்தைக் கிழித்துவிடும். ஆகவே வேலை செய்யும்போது அதன் முகத்தை ஒரு மட்டையால் மூடி வையுங்கள். உத்தரவாதக் காலம் இருந்தால் அது முடியும்வரை திறக்க வேண்டாம். மின்கலம் உள்ள புளூடூத் வகையைப் பிள்ளைகள் திறக்கவே விடாதீர்கள்.

மரத்துக்கென்று ஒரு பராமரிப்பும் உண்டு. கச்சான் காற்றில் மரம் சுருங்கும், மாரியில் ஊதும். வெயில் படும் ஜன்னலோரத்திலும், சமையலறை ஆவியிலும் வைத்தால் வெடிப்பு விழும். உலர்ந்த துணியால் துடைத்து ஒரு பெட்டிக்குள் வைத்தால் போதும்.

மிகப் பெரிய திருத்தம்

இவ்வளவும் செய்தபின் செய்ய வேண்டிய பெரிய திருத்தம், சத்தத்தைக் குறைப்பது. மெத்தை நன்றாக ஒட்டினால் வீட்டு இரைச்சல் உள்ளே வருவது குறைகிறது. எதிரொலி அடங்கினால் எழுத்து தெளிகிறது. குறைந்த சத்தத்திலேயே கேட்க முடிகிறது. திருத்தியபின்னும் பிள்ளை பழைய அளவுக்கே சத்தம் வைத்தால் நம் உழைப்பில் பாதி வீண்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் வரை கேட்கலாம். 90 டெசிபல் ஆனால் வாரத்துக்கு 4 மணித்தியாலம்தான். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். பிள்ளைகளுக்கு 40 மணித்தியாலத்துக்கு 75 டெசிபலே எல்லை. வீட்டில் டெசிபல் அளக்கும் கருவிக்கு எங்கே போவது? கைபேசியின் முழுச் சத்தத்தில் 60 வீதத்தைத் தாண்ட விடாதீர்கள். ஹெட்போன் மாட்டிய பிள்ளையிடம் ஒரு கை தூரத்தில் நின்று சாதாரணக் குரலில் பேசுங்கள். அவளுக்கு ஒன்றுமே கேட்காவிட்டால் சத்தம் அதிகமாக இருக்கலாம். கழற்றியபின் காதில் 'ஙொய்' என்ற இரைச்சல் இருந்தால் அது எச்சரிக்கை. அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும். இரைச்சல் தொடர்ந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

நம் உட்காதில் ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் ஏறக்குறைய 15,000தான். மாண்டது மீண்டும் முளைப்பதில்லை. பெருஞ்சத்தத்தால் வரும் கேள்விக் குறைவு முதலில் தாக்குவது 4000 ஹேர்ட்ஸை ஒட்டிய பகுதியை. ஸீனும் ஸேயும் பிரிந்து கேட்க வேண்டிய அதே இடம்! ஓதிப் பழகுவதற்காக வாங்கிக் கொடுத்த கருவியே ஓதலின் நுட்பத்தைக் கேட்கும் காதைக் கெடுத்துவிட்டால் அதைவிடப் பெரிய நட்டம் வேறென்ன?

ஆகவே கேட்ட உம்மாமாருக்கு என் பதில் இதுதான். மகள் ஆசைப்படுகிறாள், கையில் வசதி இருக்கிறது, மேலே சொன்ன சோதனைகளில் அது தேறுகிறது என்றால் மர ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள். பார்க்க அழகு, பல வருடம் உழைக்கும். வசதி இல்லையென்றால் மனம் வருந்த வேண்டாம். நல்ல ஒலிபெருக்கி உள்ள பிளாஸ்டிக் ஹெட்போனும், புது மெத்தையும், ஒரு பஞ்சு உருண்டையும் அவளுக்குப் போதும். இரண்டில் எதுவானாலும், தலையில் மாட்டிவிடுவதற்கு முன்னால் ஒருமுறை நீங்களே காதில் வைத்துக் கேளுங்கள். சோறு ஊட்டும்போது சூடு பார்த்துத்தானே கொடுக்கிறோம். செவி அல்லாஹ் நம்மிடம் தந்திருக்கும் அமானிதம். பிள்ளை வளர்ந்து பொறுப்பேற்கும் வரை அவளது செவிக்கும் நாமே பொறுப்பாளிகள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.